மாமாவோடு சமன்

நான் வாழ்நாள் முழுக்க செஸ் விளையாடியிருக்கிறேன். வாழ்நாள் முழுக்கத் தோற்றும் இருக்கிறேன். அதற்காக வெட்கப்படுகிற வயது எப்போதோ போய்விட்டது. ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில், விடுதியில் செஸ் விளையாடுகிறவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். சோடி சேர ஓராள் குறைந்ததால் என்னைப் பிடித்து உட்கார்த்தி, காய் நகர்த்தும் விதத்தை அரை மணி நேரத்தில் சொல்லித் தந்தார்கள். இரண்டு வருடம் அந்த ஏழு பேரிடமும் முறை வைத்துத் தோற்றேன். என்னை வென்றவனுக்கு யாரும் கைகூடக் கொடுப்பதில்லை. பல் விளக்கியதற்கு யாராவது கை கொடுப்பார்களா?

அப்படிப்பட்ட நான் என் மாமனாரோடு ஓர் ஆட்டத்தைச் சமனில் முடித்தேன். அந்தச் சமன் எப்படி வந்தது என்று ஊர் ஒரு கதை சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்? பலகைக்கு முன்னால் இருந்தவன் நான்.

நான் சம்மாந்துறைக்காரன். ஐம்பதுகளின் நடுவில் மருதமுனையில் கலியாணம் முடித்தேன். எங்கள் கிழக்குக் கரையில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். பெண்பிள்ளை நடக்கத் தொடங்கும் முன்பே வாப்பா அவளுக்கு வீடு கட்டக் கல்லும் ஓடும் சேர்க்கத் தொடங்கிவிடுவார். அப்படிக் கட்டிய வீட்டுக்கு ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக நான் போய்ச் சேர்ந்தேன். வயல் ஊரில் வளர்ந்தவனுக்குத் தறிச் சத்தத்தில் நித்திரை வர ஒரு மாதம் பிடித்தது.

மாமாவுக்கு வீட்டு வளவுக்குள் நாலு தறி ஓடியது. பள்ளிவாசலில் அவர் ஒரு மரைக்கார்; தன் குடியின் சார்பில் பள்ளிக் காரியங்களைப் பார்ப்பவர். என் மனைவி அவருக்கு ஒரே பிள்ளை. மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. புது மருமகனுக்கு முன்னால் வருவது மரியாதையில்லை என்று கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று, சுவரைப் பார்த்து, "மருமகனுக்குச் சொல்லுங்க, சோறு ஆறுது" என்பார். சுவர் என்னிடம் சொல்லாது. ஆனாலும் நான் எழும்பிப் போய்ச் சாப்பிடுவேன்.

மாமா இளவயதில் கொழும்பில், புறக்கோட்டைப் பிடவைக் கடையொன்றில் வேலை பார்த்தவர். அங்கே செஸ் பழகி, ஊருக்குத் திரும்பி வந்து, விளையாடத் தெரிந்த அத்தனை பேரையும் தோற்கடித்து முடித்துவிட்டார். தோற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவருக்கு முதுகுவலி வந்தது, ஒருவருக்குப் பேரப்பிள்ளை வந்தது. கடைசியில் ஆளில்லாமல் இருந்த மனிதரின் கையில் நான் அகப்பட்டேன். பெண் பேச வந்த அன்றே, "மருமகனுக்கு செஸ் தெரியுமா?" என்று கேட்டார். நான் வாய்த் துடுக்கில் "ஓரளவு" என்று சொல்லி வைத்தேன். மூன்றாவது நாள் அந்த ஓரளவின் அளவு அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. பசித்தவன் பழையதையும் தின்பான்.

செஸ் விளையாடுவது பற்றி ஊர் மௌலவி ஒருவருக்கு நல்ல எண்ணமில்லை. மாமா கிதாபு ஓதிய பெரியவர்களிடம் போய் விசாரித்து வந்தார். பந்தயம் கட்டாமல், தொழுகையைப் பிற்படுத்தாமல் விளையாடினால் ஹராம் இல்லை, விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்றார்களாம். 'விட்டுவிட்டால் நல்லது' என்ற பகுதி அவருடைய காதில் ஏறவில்லை. மற்ற இரண்டையும் இரும்புச் சட்டமாக எடுத்துக்கொண்டார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்காருவோம். பொழுது பட்டு மஃரிபுக்குப் பள்ளியில் நகரா முரசு அடித்ததும் யாருடைய முறையோ அவர் ஒரு காய் மட்டும் நகர்த்தலாம். அடுத்து மோதினார் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைத் தொடங்கினால் கை பலகைக்குப் போகக் கூடாது. முடியாத ஆட்டம் அத்தோடு செத்தது. தொழுதுவிட்டு வந்து தொடர்கிற பேச்சே இல்லை.

காய்களும் அப்படித்தான். உருவம் கூடாது என்பதால் குதிரைக்குத் தலை கிடையாது. தறியில் நூல் சுற்றும் உடைந்த தார்க் கட்டைகளை வீடு கட்டும் மேசன் ஒருவரிடம் கொடுத்து — ஆம், தச்சனிடம் அல்ல, மேசனிடம். சும்மா இருந்தவர் அவர்தான் — செதுக்கி எடுத்திருந்தார். ஒரு வெட்டு இருந்தால் குதிரை, இரண்டு வெட்டு இருந்தால் யானை. முதல் கிழமை முழுக்க நான் என் குதிரைகளை யானையென்று நினைத்து ஓட்டினேன். பலகை, தறியில் நெய்த கட்டம் போட்ட துணி. நான் ராணி என்று சொன்ன காயை அவர் வசீர் என்றார்.

"ராஜாட பொஞ்சாதி சண்டைக்குள்ள ஓடித் திரியிறதா? வெள்ளைக்காரன் சொன்னா நாமளும் சொல்லுறதா மருமகன்? இவரு மந்திரி. வசீர்."

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் எனக்கு நியமனக் கடிதம் வந்தது. பதுளைக்கும் அப்பால், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பள்ளிக்கூடம். தை மாதம் பொறுப்பேற்க வேண்டும். மூன்று கிழமை இருந்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை எனக்குக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே வந்துவிட்டது. அவளுக்கு எனக்கு முந்தியே வந்துவிட்டது. குளிர் என்றால் என்னவென்று பார்க்க வேண்டுமாம். வாயால் புகை வருமாமே, உண்மையா என்று நாலு தரம் கேட்டாள். வாப்பாவிடம் கேட்க மட்டும் அவளுக்குப் பயம். "நீங்க கேளுங்க மச்சான். புது மாப்பிள கேட்டா வாப்பா இல்லயெண்டு சொல்லமாட்டாங்க" என்றாள்.

அது உண்மைதான். புது மாப்பிள்ளை கேட்டதை இல்லையென்று சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மீன் தலை கேட்டாலும் தருவார்கள், கைக்கடிகாரம் கேட்டாலும் தருவார்கள். ஆனால் நான் கேட்டது மகளை. மாமா நெடுநேரம் தாடியைத் தடவினார்.

"எங்கட ஊரில பொம்புளப்புள்ள வீட்ட விட்டுப் போறல்ல மருமகன். அப்ப இந்த வீட்ட ஆருக்கு நான் கட்டின? சரி, நீங்க கேட்டுட்டீங்க. போறதுக்கு முந்தின நாள் ஒரு ஆட்டம் போடுவம். நீங்க வெண்டா மகளக் கூட்டிட்டுப் போங்க. நான் வெண்டா இந்தக் கதைய மறுகா எடுக்கப்படா."

"மாமா, அது பந்தயம் இல்லையா?"

அவர் திடுக்கிட்டார். பந்தயம் ஹராம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்தானே. சற்று யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பந்தயம் இல்ல. நீங்க வெண்டா எனக்குச் சந்தோசம் வரும். சந்தோசம் வந்தா நான் கேட்டதக் குடுக்கிற மனுசன். அவ்வளவுதான்."

இல்லை என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது. நான் வெல்வதும் ஆண் ஆடு குட்டி போடுவதும் ஒன்றுதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் நான் சரியென்றேன். வேறு என்ன செய்ய?

அந்த மூன்று கிழமையும் தினமும் பழகினேன். பழகினேன் என்றால், தினமும் அவரிடம் தோற்றேன். உள்ளே போனால் மனைவி வாசலிலேயே நிற்பாள். "இண்டைக்கும் தோத்தா?" "ஓம்." ஒரு நாள் பொறுக்காமல், "அந்தக் குதிரய விட்டு நல்லா உதைக்கச் சொல்லுங்களன்" என்றாள். அவளுக்குச் செஸ் தெரியாது. எனக்கும் அதைவிட நல்ல யோசனை ஒன்றும் இல்லை. அவள் ஒரு பக்கம் கம்பளி நூல் வாங்கி எனக்கென்று சொல்லி ஒரு சுவெற்றர் பின்னிக்கொண்டிருந்தாள். அதை எனக்குப் போட்டுப் பார்த்தால் கை முழங்கையோடு நின்றது. அவளுக்கென்றால் சரியான அளவு.

கடைசி நாள் வந்தது. அடுத்த நாள் விடிய பஸ். அஸர் தொழுதுவிட்டுத் துணியை விரித்து உட்கார்ந்தோம். சாயம் போட்ட காய் அவருக்கு, போடாதது எனக்கு. சீலைக்குப் பின்னால் இரண்டு நிழல்கள். ஒன்று நான் வெல்ல வேண்டுமென்று நின்றது, மற்றது நான் தோற்க வேண்டுமென்று நின்றது. இரண்டும் ஒரே சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

ஆட்டத்தை விவரிக்க எனக்கு மனமில்லை. முதல் அரை மணி நேரத்தில் என் வசீர் போனார். அவரை எடுக்கும்போது மாமா "மன்னிச்சிக்கங்க மருமகன்" என்றார். பிறகு யானை போனது, குதிரை போனது. கடைசிக் குதிரையை விட்டு நல்லாய் உதைத்தும் பார்த்தேன், அதுவும் போனது. சூரியன் தென்னைக்குக் கீழே இறங்கியபோது என்னிடம் ராஜா மட்டும் மிச்சம். தனி ராஜாவை வைத்துக்கொண்டு, வாடகைக்கு வீடு தேடுகிறவன் போல மூலை மூலையாய் அலைந்தேன்.

மாமா அப்போதே முடித்திருக்கலாம். புது மாப்பிள்ளையைச் சட்டென்று அடித்துப் போடுவது மரியாதையில்லை என்று நினைத்தாரோ, நாளைக்கு விளையாட ஆளில்லையே என்று இழுத்தாரோ தெரியாது. ஒரு சிப்பாயைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் இரண்டாவது வசீர் எடுத்தார். காய் இல்லாததால் வசீருக்குப் பதிலாக ஒரு புளியங்கொட்டையை வைத்தார். நடுவில் மாமி சுவரிடம் இனிப்புக்கு வட்டிலப்பம் இருப்பதாகச் சொன்னார். தின்றோம். நல்ல வட்டிலப்பம். தின்றுவிட்டு மாமா மூன்றாவது வசீருக்காக இன்னொரு சிப்பாயை நடத்தத் தொடங்கினார்.

அப்போது பள்ளியில் நகரா அடித்தது.

மாமா திடுக்கிட்டுப் போனார். வெளிச்சம் போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அவருடைய முறை, ஒரே ஒரு காய் நகர்த்தலாம். ஆட்டம் முடியாமல் செத்தால் இந்தக் கதையும் முடியாமல் கிடக்கும். ஒரு கையால் தொப்பியைத் தேடியபடி மறு கையால் வசீரைத் தூக்கி, மூலையில் நின்ற என் ராஜாவுக்குக் கிட்டக் கொண்டுவந்து வைத்துக் கையை எடுத்தார். கை எடுத்தது எடுத்ததுதான். அதே நேரம் மோதினார் பாங்கைத் தொடங்கினார்.

பாங்கு சொல்லும்போது கதைக்கக் கூடாது. மோதினார் சொல்வதை வாய்க்குள் திருப்பிச் சொல்ல வேண்டும். நானும் சொல்லிக்கொண்டே பலகையைப் பார்த்தேன். என் ராஜா எங்கே போகலாம்? மேலே போனால் வசீர் வெட்டுவார். பக்கத்தில் போனாலும் வெட்டுவார். மூலைக்கு மூலை போனாலும் அவர்தான். சரி, முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன். பஸ்ஸில் தனியாகப் போகிற என்னை நானே பார்த்தேன்; மடியில் குட்டையான சுவெற்றர். அழுகை வரும்போல் இருந்தது. ஆண்பிள்ளை, ஆசிரியன், பாங்கு நேரம் என்று அடக்கிக்கொண்டேன்.

பிறகுதான் மாமாவைப் பார்த்தேன். அவருடைய முகம் பழுத்த மிளகாய் போலச் சிவந்திருந்தது. உதடு பாங்கைத் திருப்பிச் சொல்கிறது, கண் பலகையில் ஆணியடித்தது போல் நிற்கிறது. ஒரு வரியை மோதினார் முடித்த பிறகும் இன்னொரு முறை சொன்னார். கை வசீரை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்து திரும்பிப் போனது. வென்ற மனிதர் ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த ஊர் மோதினார் பாங்கை நல்லாய் நீட்டிச் சொல்வார். அன்றைக்கு இன்னும் நீட்டினார்.

பாங்கு முடிந்தது. மாமா கையேந்தித் துஆ ஓதி, முகத்தைத் துடைத்து, எழும்பித் தொப்பியைப் போட்டார்.

"சமன்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்காததை விளங்கியது போலக் கேட்கப் பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம் பழகியிருக்கிறேன். "ஓம் மாமா" என்று பெரிய மனிதன் மாதிரித் தலையை ஆட்டினேன். பள்ளிக்குப் போகிற வழியில், அவருக்குப் பின்னால் நடக்கும்போதுதான் விடுதியில் எப்போதோ சொன்ன சட்டம் ஞாபகம் வந்தது. ராஜாவை யாரும் வெட்ட நிற்கவில்லை, ஆனால் நகர ஓர் இடமும் இல்லை, நகர்த்த வேறு காயும் இல்லையென்றால் யாருக்கும் வெற்றியில்லை. அவசரத்தில் அவர் வசீரை ஒரு கட்டம் முந்தியே நிறுத்தியிருந்தார். இன்னும் ஒரு கட்டம் தள்ளி வைத்திருந்தால் என் கதை முடிந்திருக்கும். அன்று மஃரிபை நான் எப்படித் தொழுதேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

மாமா இரவு இஷாத் தொழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். மகளைக் கூப்பிட்டார். அவள் கதவோரம் வந்து நின்றாள்.

"நான் வெண்டா எண்டு சொன்னன், மருமகன் வெண்டா எண்டு சொன்னன். ரெண்டும் நடக்கல்ல. சமன் எண்டா பாதி. ஒரு பள்ளிக்கூடத் தவணை மகள் அங்க, ஒரு தவணை இஞ்ச."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மாமி சுவரிடம் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக்கு வருசத்துக்கு மூண்டு தவணை எண்டு சொல்லுறாங்க. மூண்ட எப்பிடி ரெண்டாப் பிரிக்கிற?"

மாமா யோசிக்காததை மாமி யோசித்துவிட்டார். மரைக்காராக எத்தனையோ காணிச் சண்டைக்குப் பாதி பிரித்துக் கொடுத்தவர் அன்று திணறினார். கடைசியில் மாமியே தீர்த்து வைத்தார்.

"மூண்டாம் தவணைக்கு நாமளும் அங்க போவம் எண்டு மருமகனுக்குச் சொல்லுங்க."

இந்தச் சமன் கதையை மாமா ஒளிக்கவில்லை. ஊர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தது. மரைக்கார் மருமகனுக்கு விட்டுக்கொடுத்தாராம். மகளின் முகத்தைப் பார்த்து வேண்டுமென்றே வசீரை அங்கே வைத்தாராம். எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். நான் அவருடைய முகத்தைப் பார்த்தவன். விட்டுக்கொடுத்தவருக்கு அந்தக் கோபம் வராது. அது மூன்றாவது வசீருக்கு ஆசைப்பட்ட மனிதரின் கோபம்.

முதல் தவணை அவள் வந்தாள். வாயால் புகை வந்தது. நாள் முழுக்க ஊதி ஊதிப் பார்த்தாள். இரண்டாம் தவணை அவள் ஊரில், நான் தனியாக, நானே சமைத்த சோற்றோடு. மூன்றாம் தவணைக்கு, தறியைத் தன் மச்சினன் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மாமாவும் மாமியும் மகளோடு வந்து இறங்கினார்கள். ஒரு மூட்டை அரிசி, கருவாடு, தேங்காய், சுருட்டிய துணிப் பலகை எல்லாம் பஸ்ஸின் தலையில். குளிருக்கு மாமா இரண்டு சாரன் உடுத்து, காதை மூடி ஒரு தொப்பி போட்டுக்கொண்டு, "இந்த ஊரில மனுசன் இரிப்பானா?" என்று தினமும் கேட்டார். ஆனால் விடிந்ததும் மகளின் சத்தம் குசினியில் கேட்டால் எழும்பிப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு காய் அடுக்கும்போது, எனக்கு நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.

"மாமா, அண்டைக்குச் சமன் எண்டு எனக்குத் தெரியா. நான் தோத்துட்டன் எண்டுதான் நினைச்சன். நீங்க வெண்டுட்டன் எண்டு சொல்லியிருந்தா, நான் ஓம் எண்டிருப்பன்."

மாமா எடுத்த காயைக் கீழே வைத்தார்.

"தெரியாதா? அப்ப பேசாம இருந்தீங்களே?"

"பாங்கு சொல்லக்குள்ள கதைக்கக் கூடாதே மாமா."

"நான் நினைச்சன்," என்றார் மெதுவாக, "மருமகனுக்கு விளங்கிட்டு, மரியாதைக்குப் பேசாம இரிக்காரு, நான் சொல்லுறனா எண்டு பாத்திட்டு இரிக்காரு எண்டு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஏன் வாயைத் திறந்தேன் என்றும் இருந்தது. பிறகு கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது எண்டு தெரிஞ்சிருந்தா, சமன் எண்டு சொல்லியிருப்பீங்களா மாமா?"

குசினியில் மகள் எதற்கோ சிரித்தாள். மாமா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தனியாக இருந்த அந்தத் தவணைக்கு முந்தின தவணை, அந்தப் பெரிய வீட்டில் அவர் மகள் இல்லாமல் இருந்ததை அப்போதுதான் நினைத்தேன்.

"அப்ப எண்டா சொல்லித்தான் இரிப்பன்," என்றார். காதுத் தொப்பியை இழுத்துச் சரிசெய்தார். "இப்ப எண்டா... அல்லாஹ் என்னச் சோதிக்காம இரிக்கட்டும். காய வையுங்க மருமகன்."